பழைய உலோகம்: விற்போம், உருக்க வேண்டாம்

உடைந்த பாத்திரத்துக்கும் விலை உண்டு என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் ஒதுங்கியவர்கள் பலர், கையோடு கொண்டுவந்ததை ஒவ்வொன்றாக விற்றே நாட்களைக் கடத்தினர். மீளக் குடியமர்ந்தவர்கள் தம் வளவுகளில் கண்டதும் பெரும்பாலும் துருவேறிய இரும்பும் செயலிழந்த நீரிறைக்கும் இயந்திரமுமே. அவற்றை விற்பதில் தவறில்லை. ஆனால் எதை எப்படி விற்பது, எதை வீட்டில் செய்யவே கூடாது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வியாபாரம் நடக்கும் விதம்

கொழும்பு ஒழுங்கைகளில் போத்தல், பேப்பர், பழைய இரும்பு வாங்க வருபவரே இந்த வியாபாரத்தின் முதற்படி. அவர் சேர்த்ததைக் கடைக்காரர் வாங்கித் தரம் பிரிக்கிறார். அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும், பின்னர் உலைக்கும் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது.

அந்த விலையைத் தீர்மானிப்பது எமது ஊர்ச் சந்தை மட்டுமன்று. 1998 இல் கைச்சாத்தாகி 2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். செம்பு மீதான தீர்வை இந்தியாவில் அதிகமாக இருந்தபடியால், இந்திய முதலாளிகள் இங்கே உலை அமைத்தனர். பிற நாடுகளிலிருந்து பழைய செம்பை இறக்கி உருக்கித் தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினர். சில ஆண்டுகள் செம்பு இந்தியாவுக்கான எமது முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்றாக இருந்தது. பின்னர் அந்த வியாபாரம் சரிந்தது. செம்பு வெட்டியெடுக்காத நாட்டில் செம்பு ஏற்றுமதி நடந்த கதை இதுவே.

பிரித்தறிதல்

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்கே போகும். ஒரு சிறு காந்தம் போதும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஆகியன ஒட்டமாட்டா. செம்பு சிவந்தது, செம்பும் நாகமும் கலந்த பித்தளை மஞ்சள் நிறமானது, அலுமினியம் பாரமற்றது. ஈயம் சாம்பல் நிறமானது, மென்மையானது. அதே பருமனுள்ள அலுமினியத்தைவிட நான்கு மடங்கு பாரமானது. அலுமினியச் சட்டியையும் சிலர் பேச்சில் ஈயச்சட்டி என்பர். இங்கு நாம் குறிப்பிடுவது பற்றரியிலும் வலைக்குண்டிலும் உள்ள காரீயம்.

இவ்வுலோகங்கள் எத்தனை முறை உருக்கினாலும் உலோகமாகவே மீள்கின்றன. மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 வீதம் இருந்தால், பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்துவிடலாம். ஆகவே இத்தொழில் வேண்டாத தொழில் அன்று. அது எங்கே, எவ்வாறு நடக்கிறது என்பதே கேள்வி.

உலையின் ஆபத்து

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். விறகு அடுப்பே அதற்குப் போதும். அலுமினியத்துக்கு 660 பாகையும் செம்புக்கு 1085 பாகையும் தேவை. பித்தளையை உருக்கும்போது அதிலுள்ள நாகம் புகையாக எழும். அதைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்று மாலை குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் மாறிவிடும். ஈயம் அப்படியன்று. எளிதில் உருகுவதால் அது பாதகமற்றது போலத் தோன்றும். ஆனால் உடலில் புகுந்த ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்பிணித் தாயின் எலும்பிலிருந்து வயிற்றுச் சிசுவுக்கும் செல்லும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதில் பெரும்பகுதி தட்டுகளில் பசையாக உள்ளது. அது அடுப்புச் சூட்டில் உலோகமாக மாறாது. தூசியாக வளவில் பரவும். அதாவது, வீட்டில் உருக்குபவர் பணத்தையும் இழக்கிறார், நிலத்தையும் கெடுக்கிறார்.

செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரின் புறநகரான தியாரோயில் நடந்தது எமக்குப் பாடம். அங்கே பழைய பற்றரிகளை உடைத்த இடத்து மண்ணில் ஈயம் இருப்பதை அறிந்த ஏழைப் பெண்கள், அம்மண்ணைச் சலித்து விற்றனர். சில மூடைகள் வீடுகளுக்குள்ளும் வைக்கப்பட்டன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கு 18 பிள்ளைகள் மாண்டனர். தாய்மார் செய்தது குற்றமன்று, அது பிழைப்பு. சலித்தது நஞ்சு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடியவை

பற்றரியை உடைக்காமல், அமிலத்தை ஊற்றாமல், நிமிர்த்தி வைத்தபடியே கொடுங்கள். அமிலம் கிணற்றடி மண்ணில் இறங்கினால் ஈயமும் சேர்ந்தே இறங்கும். புதிய பற்றரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையைக் கழிக்க முடியுமா எனக் கேளுங்கள்.

வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதானாலும் சமையல் அடுப்பிலோ சமையல் சட்டியிலோ வேண்டாம். குண்டைக் கடையில் வாங்குவதே நல்லது.

வயரை எரித்துச் செம்பு எடுக்காதீர்கள். உறையின் புகை நஞ்சு. கத்தியால் சீவி எடுங்கள். கருகாத செம்பு தரமும் கூடியது.

உலையில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் உடை மாற்றி, குளித்த பின்னரே வீட்டுக்கு வர வேண்டும். உடையில் ஒட்டும் தூசியே பிள்ளையைச் சேர்கிறது. பழைய பற்றரிகளைக் கையாளும் தொழிற்சாலைக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது உண்டா எனக் கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு.

இறுதியாக, வன்னி மண்ணில் கிடைக்கும் அடையாளம் தெரியாத இரும்பை எடுக்கவோ தட்டவோ வெட்டவோ வேண்டாம். பழைய இரும்பு என்று எண்ணி வெடிபொருளைத் தொட்டு உயிரையும் உறுப்பையும் இழந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

போரில் இழந்தவை போக எஞ்சியதை விற்றுத்தான் பலர் மீண்டும் தொடங்குகிறோம். தராசில் நிறுக்கப்படுவது உலோகமாக மட்டும் இருக்கட்டும்.