பக்கத்து சீட் யாருக்கு?

ஆண்டுத் தேர்வுகள் முடியப்போகின்றன. லண்டனுக்கும் டல்லாஸுக்கும் சிட்னிக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் அடுத்த சில வாரங்களில் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையை அத்தனை மணி நேரம் அழாமல் எப்படிக் கொண்டுபோவது, என்ன விளையாட்டுச் சாமான் வாங்குவது என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. பல கடிதங்களில் போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை, சின்னக் குழந்தை என்பதால் எப்படியும் பக்கத்திலேயே கொடுத்துவிடுவார்கள்தானே?

நான் கவலைப்படுவது இந்த வரியைப் பற்றித்தான். அந்த வயதுக் குழந்தைக்கு எந்தப் பொம்மையும் தனியாக நெடுநேரம் தாங்காது. அதையே பெரியவர் ஒருவர் கையில் எடுத்து ஒளித்துக் காட்டி, கேள்வி கேட்டு, கதை கட்டினால் அரை மணி நேரம் ஓடும். அந்தப் பெரியவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பயணம் எப்படி அமையும் என்பதே இருக்கிறது.

டிக்கெட் வாங்கியதும் சீட்டும் வாங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மலிவுக் கட்டணங்களில் நாம் வாங்குவது அந்த விமானத்தில் போகும் உரிமை மட்டுமே. இன்ன இடம் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். நம் நாட்டில் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே இதை அனுமதிக்கிறது. பணம் கட்டாதவர்களுக்கு செக்-இன் நேரத்தில் கணினி இடம் ஒதுக்கும். அதற்குள் ஜன்னலோரமும் நடைபாதை ஓரமும் விற்றுப்போயிருக்கும். மிஞ்சுவது வெவ்வேறு வரிசைகளின் நடு சீட்டுகள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்க இது பேருந்து இல்லை. நான்கு பேர் குடும்பம் நான்கு வரிசைகளில் சிதறிவிடும். இதைத் தற்செயலான ஒதுக்கீடு என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கணினி எதையும் வேண்டுமென்று பிரிக்காமல் இருக்கலாம். ஆனால் சேர்ந்திருக்கும் இடங்களையெல்லாம் முதலில் விற்றுவிட்டு மிச்சத்தைப் பங்கிடுவதைத் தற்செயல் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

2024 ஏப்ரலில் டிஜிசிஏ ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பிஎன்ஆரில், அதாவது அதே முன்பதிவு எண்ணில், பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் குறைந்தது ஒருவரோடு இடம் தர வேண்டும், அதைப் பதிவேட்டிலும் வைக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் 'குடும்பங்கள் இனி பிரிக்கப்பட மாட்டா' என்று அதற்குப் பொருள் கொண்டால் ஏமாந்துபோவோம்.

முதலில் 'அதே பிஎன்ஆர்'. அம்மா, குழந்தை டிக்கெட்டை அப்பா அமெரிக்காவிலிருந்து எடுக்கிறார். துணைக்குப் போகும் பாட்டிக்கு மதுரையில் ஒரு முகவர் எடுக்கிறார். வீட்டில் இவர்கள் ஒரே குடும்பம். கணினிக்கு முன்பின் அறியாதவர்கள். விமான நிறுவனத்தை அழைத்து இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இணைத்தாலும் பக்கத்து இடம் உறுதியில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போகும் பெரியவர் யாரோ, அவர் பெயர் குழந்தையின் பிஎன்ஆரிலேயே இருக்கட்டும்.

அடுத்தது 'குறைந்தது ஒருவர்'. மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை, அப்பா பன்னிரண்டு வரிசை தள்ளி. உத்தரவு அட்சரம் பிசகாமல் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த அம்மாவால் கழிப்பறைக்குக்கூட எழுந்து போக முடியாது. விதியை எழுதியவர்கள் ஒரு நிமிடம் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் மாறிப் போகும் விமானங்கள். ஒரு நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கியிருப்போம், இரண்டாவது கட்டத்தை அதன் கூட்டாளி நிறுவனம் ஓட்டும். முதல் நிறுவனத்திடம் தேர்ந்தெடுத்த இடம் அங்கே போய்ச் சேராமலும் இருக்கலாம். விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கொள்கைப்படிதான் நடக்கின்றன. அமெரிக்காவில் 2024 மே மாதச் சட்டம் ஒன்று இதற்கு விதி கொண்டுவரச் சொன்னது. ஆகஸ்டில், 13 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் பக்கத்தில் கட்டணமில்லாமல் இடம் தரும் வரைவை அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை முன்வைத்தது. வரைவைக் காட்டி கவுண்டரில் வாதாட முடியாது.

பணம் கட்டி வாங்கிய இடத்திலிருந்தும் கைக்குழந்தையோடு வருபவர்களை மாற்றுகிறார்களே என்று சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே மட்டும் நான் நிறுவனங்களின் பக்கம். கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடிகள் விழும். மூன்று சீட் கொண்ட தொகுதிக்குப் பொதுவாக நான்கு முகமூடிகள் இருக்கும். கூடுதலாக இருக்கும் அந்த ஒன்று மடிக்குழந்தைக்கு. ஆகவே ஒரு தொகுதியில் ஒரு மடிக்குழந்தைதான் இருக்கலாம். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது. இரட்டைக் குழந்தைகளின் பெற்றோரும் அப்படியே. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்பதுதான் அவர்களுக்கு நெருக்கமான இடம். ஒரே ஒரு முகமூடி இத்தனை குடும்பங்களின் இருக்கையைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பணம் வாங்கும்போதே இதை ஏன் சொல்வதில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தொட்டில் கேட்கலாமா என்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பேசினெட் எனும் தொட்டிலைத் தடுப்புச் சுவரில் மாட்டுவார்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பல இடங்களில் பத்து கிலோவை ஒட்டி. 'இருப்பைப் பொறுத்து வழங்கப்படும்' என்றால் எந்த உறுதியும் இல்லை, விமான நிலையத்திலும் மறுபடி கேட்க வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் கட்ட வேண்டும். அந்த முன்வரிசையில் திரையும் சாப்பாட்டுத் தட்டும் கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. முன்னால் சீட் இல்லாததால் பொம்மைப் பையைக் காலடியில் வைக்கவும் இடமில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் அது மேலே போய்விடும். ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டில் வரம். எழுந்து நிற்கப் பழகிய குழந்தைக்குக் கைப்பிடி தூக்கக்கூடிய சாதாரண வரிசைதான் மேல்.

செக்-இன் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும், திறந்தவுடன் செய்துவிடுங்கள். பிரித்துப் போட்டிருந்தால் அப்போதே தொலைபேசியில் கேளுங்கள், பிறகு கவுண்டரில். விமானத்துக்குள் சக பயணியிடம் கெஞ்சுவது கடைசி வழி. அப்போதும் உங்கள் நடு சீட்டைக் கொடுத்து அவருடைய ஜன்னலைக் கேட்காதீர்கள்.

இனி விளையாட்டுச் சாமான். உருளாதது, சத்தம் போடாதது, சிறு துண்டுகளாகச் சிதறாதது. ஒட்டி உரிக்கும் ஸ்டிக்கர், காகித டேப், விரல் பொம்மை, முக்கோண வடிவ கிரேயான், ஒரு சுருள் நூல் போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டிவிடாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பல விமானங்கள் நள்ளிரவுக்குப் பின்தான் கிளம்புகின்றன. தூக்கம் கெட்டு அழும் குழந்தைக்கு முன்னால் பொம்மையை ஆட்டினால் அழுகை கூடத்தான் செய்யும். விளக்கை அணைத்து, வீட்டுப் போர்வையைப் போர்த்தி மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற கேள்விகள்:

இறங்கும்போது ஏன் வீறிடுகிறது? காதுக்குள் அழுத்தம்; தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடுகிறது, சக்கரம் தொடும் வரை காத்திராமல் அப்போதே பாலோ தண்ணீரோ கொடுத்து விழுங்க வையுங்கள்.

தூங்குவதற்கு சளி மருந்து? கூடவே கூடாது. அப்படிக் கொடுக்கப்படும் புரோமெத்தசின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விதித்திருக்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் நம் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் உத்தரவிட்டது.

டேப்லெட்? படங்களை வீட்டிலேயே இறக்கி, முழு சார்ஜோடு வாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்திருக்கின்றன.

குழந்தைச் சாப்பாடு? பெரும்பாலும் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

குழந்தைகளோடு வருபவர்களை முதலில் ஏற்றுகிறார்களே, போகலாமா? ஒருவர் பையோடு முன்னே போகட்டும். குழந்தை கடைசி வரை வெளியே ஓடியாடட்டும்.

பால், கஞ்சி? 100 மில்லிக்கு மேலும் குழந்தைக்கென்று அனுமதி உண்டு; பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

பயணத்தின் நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது முடிகிறது, என்ன செய்வது? திரும்பும் பயணத்துக்கு மடியில் வைக்க முடியாது, தனி சீட் வேண்டும். அதை இப்போதே, உங்கள் டிக்கெட்டோடு சேர்த்து ஒரே பிஎன்ஆரில் எடுத்துவிடுங்கள்.