அறத்தொடு நிலையும் உணர்வுப் பகிர்வும்

தமிழகத்தின் வட எல்லையில் அமைந்த திருத்தணிகைக்குச் செருத்தணி என்பதும் ஒரு பெயர். சூரனொடும் வேடரொடும் பொருத முருகனுக்குச் சினம் தணிந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். உணர்ச்சி எவ்வாறு தணிகின்றது என்பது இன்றைய உளநூலார் ஆராயும் பொருளாகும். உள்ளத்து நிகழ்ந்ததைப் பிறர்க்கு உரைத்த அளவில் அது தணியுமா? அன்றி உரைத்தலின் பயன் வேறா? இவ்வினாவிற்கு அகப்பொருள் மரபு தரும் விடையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தணிகையிற் பிறந்த கச்சியப்ப முனிவர் (மறைவு 1790) தாம் இயற்றிய தணிகைப் புராணத்துள் களவுப் படலம் என ஒன்று அமைத்தார். வள்ளி முருகன் காதல் அதன்கண் அகத்துறைகள் பொருந்தப் பாடப்பெற்றது. களவாவது மறைத்தற்குரிய உணர்வு. எனினும் மறைந்தே நிற்றல் அதற்கு இயலாது. தலைவியின் மேனி பசக்கும், வளை நெகிழும். காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டு அயர்வாள். நோய் ஒன்றாக, மருந்து வேறொன்றாகின்றது. இந்நிலையில் தோழி உண்மையை வெளிப்படுத்தலே அறத்தொடு நிற்றலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இத்தகைய தோழி செவிலிக்கு உரைக்கும் கூற்றேயாகும்.

தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் அறத்தொடு நிற்பர். தந்தையும் தமையன்மாரும் குறிப்பினால் உணர்வர் என்பது தொல்காப்பியர் கருத்து. பெல்சிய நாட்டு உளநூலார் பெர்னார் ரிமே 1991 முதல் வெளியிட்ட ஆய்வுகளும் இவ்வரிசையை நினைப்பிக்கின்றன. உணர்ச்சிமிக்க நிகழ்ச்சியை மக்கள் பெரும்பாலும் பிறர்க்கு உரைக்கின்றனர். கேட்டாரும் அதனை வேறொருவர்க்கு உரைக்கின்றனர் என்பது அவர் கண்டது.

பிராய்டும் பிராயரும் 1895-இல் வெளியிட்ட நூலில், அடக்கிய உணர்ச்சியைச் சொல்லால் வெளியிடுதலே நோயைத் தீர்க்கும் என்றனர். ரிமேயின் முடிவோ வேறு. உரைத்தல் மட்டுமே உணர்ச்சியின் வேகத்தைக் குறைப்பதில்லை என்பது அவர் துணிபு. 1986-இல் பென்னிபேக்கரும் பீலும் மாணவரிடை நிகழ்த்திய ஆய்வில், துன்ப நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் ஒருங்கே எழுதினோர் பின்னர் மருத்துவரை நாடியது குறைந்தது. ஆகவே, கொட்டித் தீர்த்தல் வேறு, நிகழ்ந்ததைப் பொருளுற அமைத்துரைத்தல் வேறு என்பது பெறப்படும்.

இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் நன்கு உணர்ந்துள்ளது. அறத்தொடு நிலையைத் தொல்காப்பியர் எழுவகைப்படுத்துகின்றார். அவற்றுள் உண்மை செப்புதல் இறுதிக்கண் வைக்கப்பட்டுள்ளது. தலைவனை எளியனாகக் காட்டுதல், அவனைப் புகழ்தல் முதலியன முன்னிற்கின்றன. கேட்போர் உள்ளம் பண்பட்ட பின்னரே உண்மை சொல்லப்படல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் விளங்கும் என்பது எம் கருத்து.

பிறர் மறையை வெளியிடுதல் எங்ஙனம் அறமாகும் எனின், அலரொடு ஒப்பிட்டு நோக்குக. ஊர்ப்பெண்டிர் உரைப்பதும் அக்காதலையே. தோழி உரைப்பதும் அக்காதலையே. முன்னது அலர் எனவும் பின்னது அறம் எனவும் பெயர் பெற்றமைக்குக் காரணம் யாது? ஊரார் சொல் சொல்லிய அளவில் நிற்கின்றது. அதனால் வரும் துயர்க்கு அவர் பொறுப்பேலார். தோழி சொல்லோ மணவினையை நோக்கி நிற்கின்றது. குறிஞ்சிப்பாட்டில், தாய்க்கு அறிவித்தல் பழியாகாது என்று தலைவி இசைந்த பின்னரே தோழி உரைக்கின்றாள் என்பதும் கருதத்தக்கது. இசைவும், நோக்கமும், பொறுப்பும் கூடியவழியே பகிர்வு அறமாகின்றது.

பிறர் துயரைச் செவிமடுக்கும் கடமை உடையார் அனைவர்க்கும் இது பொருந்தும். உரைப்பார்க்கு ஆறுதல் தருவது அவர்தம் சொல் மட்டும் அன்று. அதனை ஏற்றவர் அதன்பின் செய்வதும் ஆம். அறத்தொடு ‘நிற்றல்’ என்னும் வழக்கில் நம் முன்னோர் குறித்தது இதுவே எனக் கொள்ளலாம்.