ஒரே ஃபைல், பல வெர்ஷன்: பழைய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் அப்டேட் ஏன் வராமல் போகிறது?

ஏற்காட்டில் ஒரு கல்லூரி மாணவி, அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய அரசு லேப்டாப்பை ஆன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். லினக்ஸைத் திறந்து அப்டேட் கொடுத்தால் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று எரர் வருகிறது. லேப்டாப் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மென்பொருளின் பல வெர்ஷன்கள் பொதுவான ஃபைல்களை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்று தெரிந்தால், இந்த எரருக்கான காரணமும் புரிந்துவிடும்.

பாஸ் லினக்ஸ் என்றால் என்ன?

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் இது. முதல் வெர்ஷன் 2007-ல் வந்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் மூலம் லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்குப் போனது.

பாஸ் லினக்ஸின் அஸ்திவாரம் டெபியன். உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டம் அது. அதாவது, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம்.

டெபியன் எப்போதும் மூன்று வெர்ஷன்களாக ஓடிக்கொண்டிருக்கும். சோதித்து முடித்தது 'ஸ்டேபிள்'. அடுத்து வரப்போவது 'டெஸ்டிங்'. புதுச்சரக்கு முதலில் வந்து இறங்கும் இடம் 'அன்ஸ்டேபிள்'.

ஒரே குடோன், மூன்று ரிஜிஸ்டர்

2000-ம் ஆண்டு வரை ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனி ஃபோல்டர் இருந்தது. ஒரு வெர்ஷனில் இருந்து இன்னொன்றுக்கு ஃபைல்கள் இடம் மாறினால், உலகம் முழுக்க நகல் வைத்திருக்கும் சர்வர்கள் அதே ஃபைல்களை மறுபடியும் டவுன்லோடு செய்ய வேண்டிவந்தது. ஃபைல் மாறவே இல்லை, இடம்தான் மாறியது. ஆனாலும் டேட்டா செலவு.

2000 டிசம்பரில் இந்த முறையை மாற்றினார்கள். எல்லா ஃபைல்களையும் 'பூல்' என்ற ஒரே இடத்தில் போட்டார்கள். ஒரு குடோன், மூன்று ரிஜிஸ்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு குடோனில் ஒரு தடவைதான் இருக்கும். எந்த வெர்ஷனுக்கு எந்தச் சரக்கு என்பது ரிஜிஸ்டரில் மட்டும் எழுதப்படும்.

உதாரணமாக, லோஹித் தமிழ் எழுத்துரு. பழைய வெர்ஷனுக்கும் புதியதற்கும் இடையில் அதில் மாற்றமே இல்லை என்றால், இரண்டு ரிஜிஸ்டரும் அதே ஒரு ஃபைலைத்தான் காட்டும். புதிய வெர்ஷனுக்கு வேறு ஃபைல் வந்தால், அந்த ரிஜிஸ்டரில் ஒரு வரி மாறும். பழையது அப்படியே இருக்கும்.

ஃபைல் நடுவழியில் மாற்றப்படவில்லை என்று எப்படித் தெரியும்? ரிஜிஸ்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் இருக்கும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாது. லேப்டாப் அதைச் சரிபார்த்த பிறகுதான் இன்ஸ்டால் செய்யும்.

பகிர்வதில் ஆபத்து உண்டா?

உண்டு. இதே பகிர்வு லேப்டாப்புக்குள்ளும் நடக்கிறது. பல மென்பொருள்கள் ஒரே பொது ஃபைலை நம்பி ஓடும். அந்த ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும். அதில் விஷம் கலந்தால் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

2024 மார்ச் மாதம் அதுதான் நடந்தது. 'எக்ஸ்-இசட்' என்பது ஃபைல்களைச் சுருக்கும் சின்னக் கருவி. 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அதில் நல்லபடியாக வேலை செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். சர்வர்களுக்குள் வெளியிலிருந்து நுழைய அது வழி தரும்.

மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன் கணினியில் லாகின் ஆவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது.

டெபியனின் அன்ஸ்டேபிளும் டெஸ்டிங்கும் அந்த ஃபைலை ஏற்கெனவே எடுத்திருந்தன. ஸ்டேபிள் தப்பித்தது. காரணம், அதன் ரிஜிஸ்டர் இன்னும் பழைய ஃபைலையே காட்டிக்கொண்டிருந்தது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சேலம் அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில்தான் பெரும்பாலான வண்டிகள் ஏறும். மழையில் மண் சரிந்து அது அடைபட்டால், குப்பனூர் வழி இருப்பதால்தான் ஊர் தவிக்காமல் இருக்கிறது. பொது ஃபைல் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எல்லா வெர்ஷனும் ஒரே நேரத்தில் புதியதற்குத் தாவிவிடக் கூடாது.

அந்த எரருக்குக் காரணம் என்ன?

டெபியனின் ஒரு ஸ்டேபிள் வெர்ஷனுக்குச் சுமார் 3 ஆண்டுகள் முழு ஆதரவு, அதன்பின் 2 ஆண்டுகள் நீட்டிப்பு கிடைக்கும். அது முடிந்தபின் அந்த ரிஜிஸ்டரும், அது மட்டுமே காட்டிய ஃபைல்களும் பழைய ஆவணக் கிடங்குக்கு மாற்றப்படும். லேப்டாப் பழைய முகவரியிலேயே தேடும். அங்கே எதுவும் இருக்காது. டெபியன் போலவே, காலம் முடிந்த பாஸ் வெர்ஷன்களையும் வைத்துக்கொண்டு புதிய பாதுகாப்புத் திருத்தங்களை எதிர்பார்க்க முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். பிறகு ஆதரவில் உள்ள புதிய வெர்ஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். 32 பிட் லேப்டாப் என்றால் கவனம்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலர் தரவில்லை.

மலைக் கிராமத்தில் சிக்னல் சரியில்லையா? ஒருவர் சேலத்தில் டவுன்லோடு செய்துவந்து பென் டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸில் அது திருட்டு இல்லை, உரிமமே அனுமதிக்கிறது. இன்ஸ்டால் செய்யும் முன் அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ள கைரேகை எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.