“உங்க தண்ணி சரியில்ல சார்!”

கலர் மீன் வாங்கிப் போய் மூன்றாம் நாளே செத்தால் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். “உங்க தண்ணி சரியில்ல சார்” என்பார் கடைக்காரர். “நோய் மீனைத் தலையில கட்டிட்டீங்க” என்பார் வாங்கியவர். கொளத்தூர் கடைத்தெருவிலும் சென்னை மூர் மார்க்கெட்டிலும் பழகிப்போன சண்டை இது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் சங்கடம். பண்ணையில் பிடித்து, மொத்த வியாபாரியிடம் போய், சில்லறைக் கடைக்கு வந்து, அங்கிருந்து கவரில் நம் வீடு வரை, சில நாட்களுக்குள் மூன்று நான்கு தண்ணீர் மாறிய மீன் களைத்துத்தான் வந்து சேரும். அதை இறக்கிவிடும் வீட்டுத் தொட்டியோ பல நேரம் அதே நாளில் வாங்கியதாக இருக்கும்.

அதனால் மருந்துப் பாட்டிலைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் வேகமாக அடிக்கிறது, எல்லா மீனுக்கும் ஒரே நாளில் இப்படி என்றால், அது பெரும்பாலும் கிருமி அல்ல, நஞ்சு. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறுகின்றன. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை புதுத் தொட்டி பார்க்கத்தான் பளிங்கு. போர் தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருந்தால் அதே அளவு அமோனியா இன்னும் கொடியது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் செவுளையே அரித்துவிடும். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ மாற்றுங்கள், தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள், ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். தொட்டியை முழுக்கக் கொட்டிக் கழுவிவிட்டால் அந்த நல்ல பாக்டீரியாவும் சாக்கடையில் போய்விடும்.

தண்ணீர் சரி, ஆனாலும் மீன் சுணங்குகிறது என்றால் பிறகு உடலைப் பாருங்கள். அதிகம் வருவது வெண்புள்ளி நோய். துடுப்பிலும் உடலிலும் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்கும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நடமாட்டம் தெரியாமல் மருந்து ஊற்றுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாம் பார்க்கும் புள்ளிக்குள் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மருந்து அதைத் தொடாது. முற்றியதும் அது கீழே விழுந்து, மணலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெருகி, நீந்திப் புறப்படும். ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை அழியும். மருந்து கொல்வது நீந்தும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே. நான்காம் நாள் புள்ளிகள் உதிர்ந்ததும் “குணமாயிடுச்சு” என்று நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் இரு மடங்காகத் திரும்பி வருகிறது. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது மருந்து தொடர வேண்டும். இன்னொன்று: புள்ளி வந்த ஒரு மீனை மட்டும் பிடித்துத் தனியே வைப்பதால் பலனில்லை. தொட்டி முழுக்க ஏற்கெனவே பரவியிருக்கும், தொட்டிக்கேதான் வைத்தியம்.

இதே வெள்ளை நிறத்தில் வேறொன்று வரும். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல, முதுகில் பட்டையாக வெளுப்பு. பூஞ்சை என்று நினைப்பார்கள். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய் அது. வெண்புள்ளிக்கு ஹீட்டரை வைத்து 30 டிகிரிக்கு ஏற்றுவது பலரும் செய்வது, அதற்குப் பலனும் உண்டு. காலம்னாரிஸுக்கு அதே சூட்டைக் கொடுத்தால் நோய் இன்னும் வேகமெடுக்கும், ஓரிரு நாளில் தொட்டியே காலியாகலாம். இரவில் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கும்போது மீன்மேல் பொன் தூசு படிந்தது போலத் தெரிந்தால், அது வெல்வெட் என்ற நோய். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது தனி நோயே அல்ல, பெரும்பாலும் உள்ளே சிறுநீரகம் கெட்டதன் அடையாளம். அந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. இப்படிப்பட்ட மீனையும், மற்றவை கடித்துப் புண்ணான மீனையும் தனியே மாற்றத்தான் வேண்டும்.

எதற்கெடுத்தாலும் நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று ஊற்றுவது நம் ஊர் வழக்கம். மெத்திலீன் ப்ளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்து, மறுபடி அமோனியா ஏறும். தாமிரம் கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொல்லும். கல் உப்பு பல மீன்களுக்கு நல்லது, லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம். ஆனால் கோரிடோராஸ், லோச் போன்ற மீன்கள் அதைத் தாங்காது. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கிப் பொடித்துத் தூவுவது எல்லாவற்றையும்விட மோசம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அரைகுறை அளவில் போட்டால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வீட்டுக்குள் வளர்க்கிறோம்.

இவ்வளவு தொல்லைக்கும் மலிவான வழி ஒன்று உண்டு: புது மீனுக்கு நான்கு வாரம் தனித் தொட்டி. கண்ணாடி கூட வேண்டாம். மூடியுள்ள 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். பெரிய தொட்டியில் சில வாரம் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி பைப். மணல் வேண்டாம், தரை வெறுமையாக இருந்தால்தான் கழிவின் நிறம் முதல் உதிர்ந்த செதில் வரை கண்ணில் படும். கடைக் கவரின் தண்ணீரை டப்பில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். வலை, டியூப், வாளி எல்லாம் இதற்கென்று தனி. தீனி போடுவது முதலில் பெரிய தொட்டிக்கு, அப்புறம் டப்புக்கு, பிறகு கை கழுவல். இரண்டாம் வாரத்தில் இன்னொரு மீனை வாங்கி அதே டப்பில் போட்டால் கணக்கு முதலிலிருந்து. வாங்கும்போதே கடையில் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீனும், ஒரு பக்கச் செவுள் மட்டும் அடிக்கிற மீனும் கடையிலேயே இருக்கட்டும்.

மனிதருக்கும் ஆபத்து உண்டு, அதிகமில்லை என்றாலும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி கைக் கீறல் வழியே நுழைந்து, சில வாரம் கழித்து விரலிலோ முன்கையிலோ ஆறாத கட்டியாக வரும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். தொட்டி இருப்பதை நீங்களாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமலே போகலாம். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். தண்ணீர் இறக்க டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். நோய் மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விடுவதும் வேண்டாம். டேங்க் கிளீனர் என்று வாங்கி அப்படி விட்ட மீன்கள் சென்னை ஏரிகளில் பெருகி நிற்பது போதாதா?

பண்ணை வைத்திருப்பவர்கள் மொத்தமாக மீன் சாகும்போது மீன்வளத் துறைக்குச் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ செயலி அதற்குத்தான். பரிசோதனைக்கு உயிர் ஊசலாடும் மீனையே கொண்டு போங்கள். ஊதி மிதந்த மீனில் ஆய்வகம் கண்டுபிடிக்க அதிகம் மிஞ்சியிருக்காது.

இனி அந்தக் கடைச் சண்டை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அசையும் சொத்து எதுவும் ‘பொருள்’ என்பதற்குள் அடங்கும். விலை கொடுத்து வாங்கிய மீனும் அப்படித்தான். பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் எழுதிய கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆனால் மீன் வரும்போதே நோயோடு வந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அங்கேதான் பிளாஸ்டிக் டப் கை கொடுக்கிறது. வேறு மீனே இல்லாத தண்ணீர், தினமும் எழுதிய அமோனியா அளவு, தேதியோடு எடுத்த படங்கள் இருந்தால் “உங்க தண்ணி சரியில்ல” என்று சொல்லித் தப்புவது கடினம். பஸ் பார்சலில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். உயிரோடு வந்து சேரும் என்ற உத்தரவாதத்தை முன்னதாகவே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

ஐம்பது ரூபாய் கப்பிக்கு யாரும் வழக்குக்குப் போக மாட்டார்கள். டிஸ்கஸ், கோய் என்று ஆயிரக்கணக்கில் பணம் போட்டவர் கடைக்கு எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, பில், வீடியோ, டப் குறிப்பு ஆகியவற்றின் நகலோடு நீங்களே போய் நிற்கலாம்.