இழையும் உராய்வும்

நுழையும்முன்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரம். அங்கு உருவாகும் எளிய பனியன் ஒன்றிலும் விசை, இயக்கம், நிறை, உராய்வு ஆகியவற்றின் விதிகள் செயற்படுகின்றன. பஞ்சு நூலாகி, நூல் துணியாகும் வழியில் அவ்விதிகளை விளக்குகிறது இப்பாடம்.

பசையின்றிப் பிணையும் பஞ்சு

பருத்தி இழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே. அத்தகைய சிற்றிழைகளைக் கொண்டே பல கிலோமீட்டர் நீளமுள்ள நூல் நூற்கப்படுகிறது. இழைகளை ஒட்டுவதற்குப் பசை எதுவும் சேர்ப்பதில்லை. முறுக்கேற்றும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்கி அழுத்துகின்றன. அழுத்தும் விசை மிகுந்தால் உராய்வும் மிகும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்டன் 1699ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். நூலை இழுக்கும்போது இழைகள் வழுக்கிப் பிரியாமல் தடுப்பது இவ்வுராய்வே. முறுக்கைத் தளர்த்திவிட்டு இழுத்தால் அதே நூல் எளிதில் பிரிந்துவிடும்.

துணையே தடையாதல்

நூலுக்கு வலிமை தரும் உராய்வு, பின்னல் இயந்திரத்தில் தடையாகிறது. கோனிலிருந்து வரும் நூல், வழிகாட்டிக் கண்களிலும் ஊசிகளின் கொக்கிகளிலும் வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் இழுவிசை கூட்டல் முறையில் அன்றிப் பெருக்கல் முறையில் உயர்கிறது. உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்வோமானால், அரைவட்டமாக ஒருமுறை வளையும் நூலின் இழுவிசை ஏறத்தாழ 2.6 மடங்காகும், இருமுறை வளைந்தால் 6.6 மடங்காகும். தாங்கும் அளவைக் கடந்ததும் நூல் அறுந்து, துணியில் ஓட்டை விழும். ஆதலால் பின்னலுக்குரிய பருத்தி நூலுக்கு மெழுகு பூசுகின்றனர். ஊசிகளுக்கு எண்ணெய் இடுகின்றனர். குணகம் 0.15 ஆகக் குறைந்தால், அதே இரு வளைவுகளுக்குப் பின்னும் இழுவிசை 2.6 மடங்கே. சாயமிடுவதற்கு முன் மெழுகும் எண்ணெயும் நீக்கப்படுகின்றன.

உடனே நில்லா இயக்கம்

வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஊசிகளைத் தாங்கிய உருளையும் கீழே சுற்றப்படும் துணியும் சேர்ந்து சுழல்கின்றன. நூல் அறுந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் தானியங்கி அமைப்பு உண்டு. எனினும், மின்னோட்டம் நின்ற கணத்திலேயே சுழற்சி நிற்பதில்லை. புறவிசை தடுக்கும்வரை இயங்கும் பொருள் தன் இயக்கத்தைத் தொடரும் என்பது, நியூட்டன் 1687இல் வெளியிட்ட முதல் விதி. நிறை மிகுந்தால் இந்நிலைமமும் மிகும். தடுப்பியின் உராய்வு சுழற்சியை அடக்கச் சிறிது நேரம் வேண்டும். அறுந்த நூலை முடிய விரைந்து கைநீட்டும் தொழிலாளி, அச்சிறு பொழுதில் விரலை இழக்க நேரிடலாம். தளர்ந்த மேலாடையும் முடியாத கூந்தலும் சுழலும் பகுதியில் சிக்கக்கூடும். இயந்திரம் முற்றிலும் நின்றபின் தொடுவதே முறை.

துணி ஏற்றிய தள்ளுவண்டிக்கும் இவ்விதி பொருந்தும். 200 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை நொடிக்கு நொடி 0.5 மீட்டர்/நொடி வேகம் கூடுமாறு முடுக்க, உராய்வை வெல்லும் விசையோடு மேலும் 100 நியூட்டன் விசை தேவை. ஓடும் வண்டியை நிறுத்தவும் விசை வேண்டும். எனவே அதன் எதிரே நிற்றல் தகாது.

நூலில் உராய்வைப் பெருக்கியும், ஊசியில் அதனைக் குறைத்தும், தடுப்பியில் மீண்டும் அதனை நாடியும் நடைபெறுகிறது பின்னலாடைத் தொழில். எவ்விடத்தில் எவ்வளவு உராய்வு வேண்டும் என்னும் அறிவே துணியையும் தொழிலாளியையும் காக்கிறது.

கற்பவை கற்றபின்

இரு குறிப்பேடுகளின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, அவற்றின் முதுகுப் பகுதிகளைப் பிடித்து எதிரெதிரே இழுத்துப் பார்த்து, நூலின் உறுதியோடு ஒப்பிட்டு எழுதுக.