வைத்தியசாலையின் குழூஉக்குறிகள்

தமிழ் இலக்கணம் கற்றோர் குழூஉக்குறி என்னும் சொல்லை அறிவர். ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, ஒரு பொருளுக்குரிய பெயரை விடுத்து வேறொரு பெயரால் அதனைக் குறித்தலே குழூஉக்குறியாம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்குக் காட்டப்பெறும் பழைய உதாரணங்கள். இவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதியதோடு அவ்விலக்கணத்துக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது என்று நம்மிற் பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் இக்காலத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றினுள் நுழைவோமாயின், குழூஉக்குறி இன்றும் வழக்கொழியாது நிற்பதைக் காண்போம்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் செல்லும் நம் தாய்மார் இதனை நேரிற் கேட்டிருப்பர். அமைதியான ஒரு மாலைப்பொழுதில் ஒலிபெருக்கி திடீரென்று ‘கோட் புளூ’ என்று மும்முறை கூறி, ஒரு மாடியின் எண்ணையும் அறையின் எண்ணையும் சொல்லும். மறுகணம் வைத்தியரும் தாதியரும் வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு விரைவர். கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகள் சிலவற்றிலும் இவ்வழக்கம் வந்துவிட்டது. இஃது என்ன, இதனைக் கேட்ட நாம் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பவற்றை அறிந்து வைத்திருத்தல் நன்று.

நிறத்தாற் குறிப்பதேன்?

இவ்வழக்கத்துக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது சுருக்கம். ‘இன்ன அறையில் ஒருவருக்கு இருதயம் நின்றுவிட்டது, உரிய வைத்தியரும் தாதியரும் கருவிகளோடு உடனே வருக’ என்று நீட்டிச் சொல்லவேண்டியதை இரண்டு சொற்கள் சொல்லிவிடுகின்றன. இரண்டாவது, யார் யார் எங்கு நின்று எதனைச் செய்வது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருத்தலால், குறியைக் கேட்டவுடன் ஆணை பெறாமலே அவரவர் தத்தம் கடமைக்கு விரைகின்றனர். மூன்றாவது, கேட்போர் அஞ்சாதிருத்தல். செத்தாரைத் துஞ்சினார் என்று மங்கல வழக்காற் கூறும் நம் மரபைப் போன்றதே இதுவும். நூற்றுக்கணக்கான நோயாளர் படுத்திருக்கும் இடத்தில் ‘தீ, தீ’ என்று கூவினால், தீ விளைக்கும் கேட்டினும் திகைப்பு விளைக்கும் கேடு பெரிதாகிவிடும் அன்றோ?

நீலக் குறி

எல்லாக் குறிகளிலும் அதிகமாகக் கேட்கப்படுவது நீலம். இருதயத் துடிப்போ சுவாசமோ நின்றுவிட்டது என்பதே பல நாடுகளில் அதன் பொருள். இருதயம் நின்ற சில விநாடிகளில் மனிதன் அறிவிழக்கிறான். நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் இரத்தவோட்டம் இல்லாவிடின் மூளை பழுதுறத் தொடங்குகிறது. மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கத்தக்க இருதய நிறுத்தங்களில், மார்பை அழுத்தும் முதலுதவியும் இன்றி நழுவும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்துவிடுகிறது. மார்பைத் திறவாமல் வெளியிலிருந்தே அழுத்தி இரத்தத்தை ஓடச்செய்யலாம் என்பதை 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர் உலகுக்கு அறிவித்தனர். அன்று தொட்டே, ஓடிச் சென்று உயிரை மீட்கும் குழுக்களுக்கு வைத்தியசாலைகளில் முக்கியத்துவம் வளர்ந்தது.

இக்குறியைக் கேட்கும்போது நடைபாதையில் நிற்போர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். மின்தூக்கியின் வாயிலில் நிற்போர் அதனை அக்குழுவினருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ‘யாருக்கு என்ன நேர்ந்தது’ என்று பின்னே ஓடி எட்டிப்பார்ப்பதும், கைத்தொலைபேசியிற் படம்பிடிப்பதும் அறமன்று. தலையணையை மாற்றுதல், சுடுநீர் கேட்டல் போன்ற சிறு தேவைகளுக்கு அவ்வேளையில் தாதியை அழையாது சற்றுப் பொறுத்திருத்தல் வேண்டும். அடுத்த கட்டிலிற் படுத்திருப்பவருக்கு அச்சந் தோன்றுமாயின் அவர் கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருப்பது நாம் செய்யத்தக்க பேருதவி.

ஒருகால், துடிப்பு நின்றவர் நம் உறவினராகவே இருந்தால்? அழைப்பு மணியை அழுத்துக, உரத்த குரலில் உதவி கோருக, நேரத்தைக் குறித்துக்கொள்க. குழுவினர் வந்ததும் கட்டிலை விட்டு விலகி நிற்க. அவர் உட்கொள்ளும் மருந்துகள் எவை, எந்த மருந்து ஒவ்வாது, எப்பொழுது கடைசியாகப் பேசினார் என்பவற்றைக் கேட்பவருக்குத் தெளிவாகச் சொல்லுக. கிளினிக் கொப்பியை வீட்டிலே வைத்துவிட்டு வராமல் நோயாளரோடு எப்பொழுதும் வைத்திருத்தல் இதன்பொருட்டே. கட்டிலின்மீது விழுந்து கதறுவது இயல்பான துயரம். ஆனால் அவ்வளவு நேரமும் மார்பை அழுத்தும் கைகளுக்கு இடமில்லாமற் போகிறது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

செந்நிறக் குறி

சிவப்பு என்றால் தீ. இதில் நாடுகளுக்கிடையே வேறுபாடு பெரிதும் இல்லை. வைத்தியசாலைத் தீயில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் சுவாலையன்று, புகையே. 2011ஆம் ஆண்டு திசெம்பர் 9ஆந் திகதி அதிகாலையில், கொல்கத்தா நகரத்துத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் நிலக்கீழ்த் தளத்தில் மூண்ட தீயினால் ஏறக்குறைய 90 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மேல்மாடிகளிற் படுக்கையில் இருந்த நோயாளர். தீ அவர்களைத் தீண்டவில்லை, மேலேறிய புகையே மூச்சை அடைத்தது.

ஆதலின் தீக்குறி கேட்டதும் கதவுகளை மூடுதல் முதற் கடமை. மூடிய கதவு புகையைத் தடுத்துச் சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தருகிறது. மின்தூக்கியை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தலாகாது. புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து செல்லவேண்டும். தரையை அண்டிய காற்றே ஓரளவு தூயது. எழுந்து நடக்க இயலாத நோயாளரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டால் ஓட முயலுதல் தவறு. பெரிய வைத்தியசாலைகளில் நோயாளரை முதலில் அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுகளுக்கு அப்பாலுள்ள பகுதிக்கே நகர்த்துவர். படியிறக்குவது அதன் பின்னரே. ஒட்சிசன் குழாயும் சேலைன் குழாயும் பொருத்தப்பட்டவரைத் தாதியின் சொற்படியே அசைத்தல் வேண்டும். வெளியேறியவர், மறந்துவிட்ட பைக்காகவோ செருப்புக்காகவோ மீண்டும் உள்ளே செல்லலாகாது.

ஒரே நிறம், வெவ்வேறு பொருள்

இனி ஓர் எச்சரிக்கை. நீலமும் சிவப்பும் போல ஏனைய நிறங்களும் எங்கும் ஒரே பொருளைத் தரும் என எண்ணிவிடலாகாது. அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றில் இளஞ்சிவப்புக் குறி பச்சிளங் குழந்தை கடத்தப்பட்டதைக் குறிக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ அதே நிறம் குழந்தையொன்றின் இருதயமோ சுவாசமோ நின்றதைக் குறிக்கும். காணாமற்போன குழந்தைக்கு அங்கு அம்பர் நிறமே குறி. செம்மஞ்சள் நிறம் கலிபோர்ணியாவில் நச்சுப்பொருட் கசிவு. ஒன்ராறியோவில் வெளியே நிகழ்ந்த பேரனர்த்தம். அவுஸ்திரேலியாவில் கட்டடத்தை விட்டு வெளியேறுதல். எனவே மெல்பேணிற் பணிபுரியும் மகன் சொன்னதை வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் உள்ள மகளுக்கு அறிவுரை கூறப் புகுதல் ஆபத்தாய் முடியலாம். அவ்வவ் வைத்தியசாலையில் உள்ளவரைக் கேட்டறிவதே முறை.

இவ்வேறுபாடு வெறும் வேடிக்கையன்று. 1999ஆம் ஆண்டு தென் கலிபோர்ணியாவின் வைத்தியசாலை ஒன்றில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து மூவர் மாண்டனர். அவ்வேளை தவறான குறி அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னரே அப்பகுதி வைத்தியசாலைச் சங்கம் குறிகளை ஒருமுகப்படுத்த முன்வந்தது. இங்கிலாந்தில் இருதய நிறுத்தத்தை அறிவிக்கும் உள்தொலைபேசி எண் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறுபட்டிருந்தமையால், 2004ஆம் ஆண்டு 2222 என்னும் ஒரே எண்ணைக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைக்கப்பட்டது. இன்று அமெரிக்காவின் சில மாநிலங்களில் இன்னும் ஒருபடி மேலே சென்று, நிறங்களை விடுத்துத் தெளிவான சொற்களாலேயே அறிவித்தல் நன்றென வைத்தியசாலைச் சங்கங்கள் கூறுகின்றன.

எமது கருத்தும் அதுவே, ஒரு வரம்புக்குட்பட்டு. ஊழியர் மட்டும் செயற்படவேண்டிய நீலக் குறி போன்றவை குழூஉக்குறியாகவே இருக்கலாம். பொதுமக்களும் எழுந்து நடக்கவேண்டிய தீ, ஆயுதந் தாங்கியவர் போன்ற ஆபத்துக்களை மக்கள் மொழியிலேயே சொல்லுதல் வேண்டும். விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

குழந்தையும் கூட்டமும்

குழந்தை காணாமற்போனதாகக் குறி ஒலித்தால் வாயில்கள் அடைக்கப்படும். வெளியேறுவோரின் பைகள் சோதிக்கப்படும். ‘என்னைத் திருடன் என்று எண்ணினாயோ’ என்று சினங்கொள்வது பேதைமை. சோற்றுப்பொதி கொண்டுவந்த பையைத் திறந்து காட்டுவதால் நம் மானம் குறைவதில்லை. எங்கோ ஒரு தாயின் வயிறு குளிரும். பிரசவ விடுதியில் உள்ள தாய்மார், அடையாள அட்டை அணியாத எவரிடமும், ‘குழந்தையை நிறுக்கவேண்டும்’ என்று சொன்னாலும், பிள்ளையைக் கொடுத்தனுப்பலாகாது.

வன்செயலில் இறங்கும் ஒருவரைக் குறிக்க ஒன்ராறியோவில் வெள்ளையும் அமெரிக்காவின் பல பகுதிகளிற் சாம்பல் நிறமும் வழங்குகின்றன. அத்தகைய வேளையில் இளைஞர் வீரங்காட்டப் புகாது விலகிச் செல்வதே விவேகம். நோயும் மருந்துமே பல சமயம் மனிதனை அவ்வாறு ஆட்டுவிக்கின்றன.

பேரனர்த்த வேளைகளில் வைத்தியசாலைக்குத் திரளாகச் செல்லாதிருப்பதே உதவி. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் நம் நாட்டின் வைத்தியசாலைகளுக்கு ஒரே நாளிற் காயமுற்றோரை வெள்ளமெனக் கொண்டுவந்தன. அத்தகைய நாளில் வாயிலில் நிற்கும் ஒவ்வொரு தேவையற்ற மனிதரும் ஓர் அம்புலன்சின் வழியை மறிக்கிறார். வீட்டிலும் வீதியிலும் நேரும் அவசரத்துக்கு 1990 என்னும் எண்ணை அழைத்தால், 2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையின் உதவியைப் பெறலாம்.

உறவினர் எழுப்பும் குறி

இதுகாறும் கூறியவை வைத்தியசாலை எழுப்ப நாம் கேட்கும் குறிகள். நாமே எழுப்பவேண்டிய குறியும் ஒன்றுண்டு. துடிப்பு நிற்குமுன்னரே, சில மணி நேரமாக, மூச்சு விரைதல், தடுமாறிப் பேசுதல், உடல் குளிர்ந்து வியர்த்தல் முதலிய அறிகுறிகள் பலரிடம் தோன்றுகின்றன. இதனையுணர்ந்தே 1990ஆம் ஆண்டளவில் சிட்னியின் லிவர்பூல் வைத்தியசாலையில், இருதயம் நிற்குமுன்னரே அழைக்கத்தக்க மருத்துவக் குழுவை அமைத்தனர். அவ்வறிகுறிகளை முதலிற் காண்பவர் யார்? பல சமயம் கட்டிலருகே இருக்கும் தாயோ மனைவியோதான். ‘இவர் வழமைபோல் இல்லை’ என்று அவர் உணர்வதை எந்தக் கருவியும் அத்துணை விரைவில் உணர்வதில்லை.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், 2007ஆம் ஆண்டு ரயன் என்னும் சிறுவன் இறந்தான். நிலைமை மோசமாகிறதென்ற பெற்றோரின் கவலைக்கு உரியவாறு செவிசாய்க்கப்படவில்லை. அவன் பெயரால் 2013ஆம் ஆண்டு ஒரு விதி பிறந்தது. முதலில் தாதியிடமோ வைத்தியரிடமோ சொல்லுக. பயனில்லையேல் பொறுப்பான தாதியிடம் சொல்லுக. அப்பொழுதும் கவலை தீராவிடின் தொலைபேசியில் அழைத்து மருத்துவ மறுபார்வையைக் கோருக என்பதே அவ்விதி. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு 13 வயதில் இறந்த மார்த்தா என்னும் சிறுமியின் பெயரால் அதனையொத்த விதி 2024ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இரு பிள்ளைகளின் மரணமும் பிற பிள்ளைகளுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது.

‘பெரிய டொக்டரிடம் எப்படிச் சொல்வது’ என்று கைகட்டி நிற்பது நம்மவர் இயல்பு. மரியாதை வேண்டியதே, வாய்மூடி இருத்தல் மரியாதையாகாது. ‘ஐயா, அப்பா காலையிற் பேசியதுபோல் இப்பொழுது பேசுகிறாரில்லை, மூச்சும் விரைகிறது, ஒருமுறை வந்து பாருங்கள்’ என்று பணிவோடும் தெளிவோடும் சொல்லுதல் வேண்டும். ஒருவர் கேளாவிடின் அடுத்தவரிடம் சொல்லுதல் வேண்டும். இரவுக் கடமையிலுள்ள தாதிக்குத் தமிழ் தெரியாதிருப்பின், அறிந்த ஒருவரை அழைத்துச் சொல்விக்கவேண்டும்.

நம் வைத்தியசாலைகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு நோயாளர் விடுதியின் வாயிலிலும், அங்கு ஒலிக்கும் குறிகள் எவை, கேட்டவர் செய்யவேண்டியது யாது, அவசர வெளிவாயில் எங்குள்ளது என்பவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அனுமதிக்கப்படும் நாளிலேயே நோயாளருக்கும் உடன் நிற்பவருக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதனைச் சொல்லலாம். பொற்கொல்லனின் ‘பறி’ நமக்கு விளங்காவிடினும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. வைத்தியசாலையின் குறி விளங்காவிடின் இழப்பது உயிராயிருத்தல் கூடும். அடுத்தமுறை உறவினர் ஒருவரைப் பார்க்கச் செல்லும்போது, தோடம்பழத்தோடு இவ்வறிவையும் கொண்டு செல்வோமாக.