முயல் தோலை வீட்டிலேயே பதனிடலாம்

போடிநாயக்கனூரிலிருந்து 16 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் உள்ள குரங்கணியிலும், அதற்கு மேல் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் சரிவுகளிலும், மார்கழிப் பனியில் கம்பளி இல்லாமல் விடிகாலை வேலைக்குப் போக முடியாது. ஆனால் இறைச்சிக்கு முயல் அறுக்கும் வீடுகளில், கம்பளியையும் மிஞ்சும் வெதுவெதுப்பான பொருள் ஒன்று நாய்க்கு எறியப்படுகிறது. அதுதான் முயல் தோல்.

கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்கள் வளர்க்கப்படுகின்றன. இவை இறைச்சி, ரோமம் இரண்டிற்கும் ஏற்றவை. இறைச்சிக்கு 3 மாதத்தில் அறுப்பது வழக்கமாயினும், அந்த வயதுத் தோல் மெலிந்து கிழியும். தோலையும் பயன்படுத்த எண்ணுவோர் சில முயல்களை 5, 6 மாதம் வரை வைத்திருந்து குளிர் காலத்தில் அறுக்க வேண்டும். ரோமம் உதிரும் பருவத்துத் தோல் எதற்கும் உதவாது.

ஒன்று மறக்கக் கூடாது. காட்டு முயல், மலை அணில், கருங்குரங்கு முதலியவற்றின் தோலை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வைத்திருப்பதே குற்றம். கருங்குரங்கு போன்ற முதல் அட்டவணை விலங்குகளாயின் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காட்டை ஒட்டிய ஊராகையால், முயல் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. நோயால் இறந்த முயலையும், சொறி பிடித்த முயலையும் உரிக்கவே கூடாது. சொறி கையிலும் தொற்றும்.

தோல் பாழாவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. உரித்தவுடன் ஆற வைத்து, அன்றைக்கே பதனிட இயலாவிடில் உட்புறம் முழுவதும் பொடித்த உப்பை அழுத்தித் தேய்த்து நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் தோல் வெந்து, ரோமம் கையோடு வரும். குரங்கணியின் மழை நாட்களில் உப்பில்லாத தோல் மறுநாளே நாறத் தொடங்கிவிடும்.

பதனிடும் அன்று தோலைக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊற வைத்து, சோப்பு நீரில் அலசி, உட்புறத்திலுள்ள கொழுப்பையும் மெல்லிய சவ்வையும் மழுங்கிய கத்தியால் சுரண்ட வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். சவ்வு ஒட்டியுள்ள இடத்தில் மருந்து இறங்காது.

மண் அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் நீரில் 450 கிராம் படிகாரத்தைக் கரைக்கவும். வேறொரு பாத்திரத்தில் 2 லிட்டர் நீரில் 110 கிராம் சலவை சோடாவும் 225 கிராம் உப்பும் கரைத்து, அதைப் படிகார நீரில் மெல்ல மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். சட்டென்று கொட்டினால் நுரை பொங்கி வழியும். இரும்புப் பாத்திரம் ஆகாது, கறை ஏறும். இந்நீரில் தோலை 2 நாள் மூழ்க வைத்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். ஓரத்தில் சிறிது நறுக்கிப் பார்த்தால் வெட்டுவாய் முழுவதும் வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் கண்ணாடி போன்ற கோடு தெரிந்தால் மேலும் ஒருநாள் விடலாம்.

ஆட்டுத் தோல் பதனிட நம் நாட்டில் பேர்போன ஆவாரம்பட்டை இதற்கு ஒத்து வராது. வெள்ளை ரோமத்தைப் பழுப்பாக்கிவிடும்.

அலசிப் பிழிந்த தோலின் உட்புறத்தில், வெதுவெதுப்பான நீரில் அடித்த முட்டை மஞ்சள் கருவைத் தடவ வேண்டும். பாதி உலர்ந்ததும் மேசை விளிம்பில் வைத்து இரு கையாலும் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க அது வெளுத்து, துணி போல மெதுவாகும். சோம்பி விட்டால் அப்பளமாக விறைத்துவிடும். மறுபடி ஈரமாக்கித் தொடங்க வேண்டியதுதான். ரோமத்தில் உலர்ந்த மரத்தூளைத் தேய்த்து உதறினால் அழுக்கும் பிசுக்கும் போகும்.

தைக்கும்போது உட்புறத்திலிருந்து பிளேடால் கீற வேண்டும். கத்தரிக்கோல் ரோமத்தையும் வெட்டிவிடும். கையில்லாத உள்சட்டை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தோலாவது பிடிக்கும் என்பதால், குழந்தைகளின் குல்லாய், காதுமறைப்பு ஆகியவற்றில் தொடங்குவது உசிதம். படிகாரப் பதனம் மழைக்குத் தாங்காது; நனைய நனைய மருந்து கரைந்து, தோல் பச்சைத் தோலாகிவிடும். ரோமம் உட்பக்கம் இருக்குமாறு தைத்து, மேலே துணி கொடுத்து அணிவதே சரி.

மிஞ்சும் உப்பு நீரை ஏலச்செடியின் அடியில் கொட்டக் கூடாது. ஏலத்தின் வேர் மேலோட்டமாகப் படர்வது, உப்பைத் தாங்காது. கொட்டகுடி ஆற்றிலும் ஓடையிலும் விடுவது அதைவிடத் தவறு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட கதை 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு தொட்டி நீர்தானே என்று எண்ணாமல், பயிரும் கிணறும் இல்லாத மேட்டுப் பாறையில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.